மலைக்கும் கரிசலுக்கும் நடுவே: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் ஊர்கள் உருவான வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று சுமார் 12 கி.மீ. தொலைவில் அமைந்த நகரங்கள். மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் சாலை இரண்டையும் கோத்துக்கொண்டு போகிறது. இதே அடிவாரத்தில் வடக்கே வத்திராயிருப்பும் தெற்கே சேத்தூரும் தேவதானமும் உள்ளன. இந்த ஊர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைந்ததற்குக் காரணம் சாலை அல்ல. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சமவெளியைத் தொட்டு வேகம் தணியும் இடம் அந்த வரிசைதான். முதலில் தண்ணீர் தேங்கியது, அதை ஒட்டி ஊர் வந்தது, பிறகு சாலை வந்தது.

நில அமைப்பு

வட்டாரத்தின் நிலம் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பட்டைகளாகக் கிடக்கிறது. முதலாவது மலை. அடிவாரத்தில் கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சில மீட்டர் உயரத்தில் இருக்கும் தரை, குறுகிய தொலைவுக்குள் 2,000 மீட்டர் வரை எழும்பிவிடுகிறது. இரண்டாவது, மலையை ஒட்டிய செம்மண் பட்டை. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்த இந்தக் குறுகிய நிலத்தில்தான் நெல்வயல்களும் மா, தென்னந்தோப்புகளும் உள்ளன. மூன்றாவது, அதற்குக் கிழக்கே சாத்தூர், கோவில்பட்டி வரை விரியும் கரிசல். இது மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, கம்பு, சோளம், மிளகாய் ஆகியவை இங்கு விளையும்.

மலை இந்த வட்டாரத்துக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் கேரளப் பக்கத்திலேயே பெய்துவிடும். அங்கே பெரியாறு பிறக்கும் காடுகளில் பெய்யும் மழை, இங்கே சமவெளியில் பெய்வதைப்போல் இரு மடங்குக்கும் மேல். கிழக்குச் சரிவு மழைமறைவுப் பகுதி. விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடும். ஆயினும், மலை உச்சிக் காடுகள் பிடித்துவைக்கும் ஈரம் ஓடைகளாகக் கசிந்து கிழக்கேயும் இறங்குகிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவியைத் தாண்டி வரும் முடங்கியாறு, சாஸ்தா கோயில் பக்கத்து நகரியாறு, தேவியாறு, வத்திராயிருப்புப் பக்கத்து அர்ச்சுனா நதி ஆகியவை அப்படிப் பிறந்தவை. இவற்றின் வெள்ளம் வைப்பாற்றில் சேர்ந்து, கரிசலைக் குறுக்காகக் கடந்து, மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் இந்த ஆறுகள் மணல் தடங்களாகவே கிடக்கும். மழை பெய்த சில நாட்களுக்கு மட்டும் காட்டாறாகப் புரளும். அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்துவைக்கத் தெரிந்தவர்களே இங்கு ஊர் அமைக்க முடிந்தது.

பழைய குடியிருப்புகள்

வைப்பாற்றுக் கரையில் மனிதர் வாழ்ந்த காலம் மிகப் பழையது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வைப்பாற்றின் கரையில் உள்ள வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022இல் அகழாய்வைத் தொடங்கியது. நுண்கற்கருவிகள், சுடுமண் பொருள்கள், மணிகள், பொன் அணிகள் ஆகியவற்றோடு சங்கு வளையல்களும் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. சங்கு மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படுவது. கடலோரத்துச் சங்கு உள்நாட்டு ஊரில் வளையலாக அறுக்கப்பட்டிருக்கிறது என்றால், மலையிலிருந்து கடல்வரை செல்லும் இந்த ஆற்றுத் தடம் அப்போதே போக்குவரத்துத் தடமாகவும் இருந்தது என்று பொருள். ராஜபாளையத்துக்குத் தெற்கே மாங்குடியில் 2001-02இல் நடந்த அகழாய்விலும் நுண்கற்கருவிகளும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்துள்ளன.

மலையில் வாழும் பளியர்கள் இந்த வட்டாரத்தின் மூத்த குடிகள். தேன் எடுப்பது, கிழங்கு அகழ்வது, மூலிகை சேகரிப்பது ஆகியவை அவர்களுடைய மரபான வாழ்க்கைமுறை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறை, அத்திகோயில், ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் ஆகிய இடங்களில் இன்று அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. அவர்கள் பேசுவது தமிழே. மலைக்குள் வாழ்ந்தவர்கள் அடிவாரத்துக்கு வந்து குடியேறியது பெரும்பாலும் கடந்த நூற்றாண்டில், வனத்துறையின் கட்டுப்பாடுகளும் தோட்ட முதலாளிகளின் ஆள்தேவையும் சேர்ந்து நடத்திய மாற்றம்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணமும் காட்டிலிருந்தே தொடங்குகிறது. மல்லி என்ற அரசியின் மக்களான வில்லி, கண்டன் என்ற வேடர் தலைவர்கள் இருவர் வேட்டைக்குப் போனதாகவும், கண்டனைப் புலி கொன்றதாகவும், வில்லி காட்டைத் திருத்தி ஊரும் கோயிலும் எழுப்பியதாகவும் அந்தக் கதை சொல்கிறது. கதையின் நிகழ்ச்சிகளுக்குச் சான்று தேட முடியாது. ஆனால் வட்டாரத்தின் பழம்பெயர் மல்லிநாடு என்பதும், மல்லி என்ற ஊர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே இன்றும் இருப்பதும் உண்மை. வேட்டைக் காடு விளைநிலமாக மாறியதைப் பற்றிய ஊராரின் நினைவை இந்தப் புராணம் காத்துவைத்திருக்கிறது.

பாண்டியர் காலமும் கண்மாய்களும்

பெரியாழ்வாரும் ஆண்டாளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர்கள். பன்னிரு ஆழ்வார்களில் இருவரைத் தந்த ஊர் என்பதால், வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. பெரியாழ்வார் வரலாற்றில் பேசப்படும் பாண்டிய மன்னன் வல்லபதேவனை, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எப்படியாயினும், நந்தவனமும் வேதம் ஓதுவோரும் பாண்டியர் தலைநகரான மதுரையோடு தொடர்பும் கொண்ட ஊராக அந்தக் காலத்திலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் வளர்ந்திருந்தது. கோயிலைச் சுற்றி இவ்வளவு பேர் நிலைத்து வாழ வேண்டுமென்றால் நிலையான நெல் விளைச்சல் வேண்டும். மழைமறைவுப் பகுதியில் அதை உறுதிசெய்தவை கண்மாய்கள்.

ஊர்ப்பெயர்களிலும் அந்தக் காலத்தின் தடம் உண்டு. வத்திராயிருப்பை அடுத்த சுந்தரபாண்டியம் பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய ஊர். ராஜபாளையத்துக்குத் தெற்கேயுள்ள தேவதானம், கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராகக் கொண்டது. சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை ஆகியவற்றோடு சேர்த்து, தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் ஒன்றாகத் தேவதானம் போற்றப்படுகிறது, அதற்குரியது ஆகாயம்.

கண்மாய் என்பது மூன்று பக்கம் மட்டும் கரை கட்டிய, மேற்குப் பக்கம் திறந்த நீர்ப்பரப்பு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், மேல்பக்கம் வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் தானாக உள்ளே வரும். கரைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு வயல்களுக்கு மடை வழியாகத் தானாக வெளியேறும். பழைய மடைகளில் சிறந்தது குமிழி மடை. கரையிலிருந்து சற்று உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் குறுக்கே துளையிட்ட கல்சட்டங்கள் பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் துளைகள் வழியாக இறங்கும் கம்பின் அடியில் உள்ள அடைப்பு, கண்மாயின் தரையில் கட்டப்பட்ட கல்தொட்டியின் வாயை மூடியிருக்கும். நீர்ப்பாய்ச்சி நீந்திச் சென்று கம்பைத் தூக்கினால், மேல்துளை வழியாகத் தெளிந்த நீர் இறங்கும். தொட்டியின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து வெளியேறும். கரைக்கு அடியில் செல்லும் கல்குழாய் இரண்டையும் வயலுக்குக் கொண்டுபோகும். வயலுக்கு நீர் பாயும் நேரத்திலேயே கண்மாயின் வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, எருவாக வயலில் படியும். வெள்ளக்காலத்தில் நீருக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்தவர்கள் உயிரைப் பணயம் வைத்தே செய்தார்கள்.

கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். மலையடியில் உள்ள முதல் கண்மாய் மறுகால் பாய்ந்தால்தான் இரண்டாவது நிறையும். கடைக்கண்மாய் நிறைவது நல்ல மழை ஆண்டுகளில் மட்டுமே. ஆகவே மேலூர் கலிங்கின் உயரம் என்பது கீழூரின் உணவுப் பிரச்சினை. கலிங்குக் கல்லின் மேல் ஒரு சாண் மணலை அணைத்து உயர்த்தினாலும் கீழூரார் கேள்வி கேட்பார்கள். யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர், கரையை எந்த ஊர் எவ்வளவு தூரம் பேண வேண்டும், ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வீட்டுக்கு எத்தனை ஆள் என்பதெல்லாம் வழக்காறாக உறுதிப்பட்டன. ஊர்களுக்கு இடையிலான உறவையும் பகையையும் இந்த வழக்காறே வகுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெரியகுளம் கண்மாயும் ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களும் இப்படிச் சங்கிலியாகப் பிணைந்தவையே.

நாயக்கர் காலமும் பாளையங்களும்

விஜயநகரப் பேரரசின் படைகள் தெற்கே வந்த பின், 16ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது. விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாக வகுத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாளையக்காரர் காவல் காத்து, வரி தண்டி, போருக்குப் படை அனுப்ப வேண்டும். இந்த வட்டாரத்தில் மலையடிவாரக் காடுகளை ஒட்டிச் சேத்தூர், கொல்லங்கொண்டான், சிவகிரி ஆகிய மறவர் பாளையங்கள் இருந்தன. கிழக்கே கரிசலில் தெலுங்கு பேசும் கம்மவார், ரெட்டியார், தொட்டிய நாயக்கர் ஆகியோர் குடியேறி, அதுவரை முட்காடாகக் கிடந்த நிலத்தை உழவுக்குக் கொண்டுவந்தார்கள். மண்ணுக்கும் குடிகளுக்கும் இடையிலான இந்தப் பொருத்தம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கண்மாய்ப் பாசன நெல்நிலத்தில் பழைய தமிழ்க் குடிகள், காட்டோரத்தில் காவல் குடிகள், கரிசலில் வடக்கிலிருந்து வந்தவர்கள் என வட்டாரத்தின் மக்கள் பரவல் அமைந்தது.

விஜயநகரக் காலத்துப் படை நகர்வுகளோடு ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்களே ராஜுக்கள். மலையடிவாரத்தில் அவர்கள் அமைத்த குடியிருப்பு ராஜபாளையம் ஆயிற்று. பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜா கோட்டை போன்ற தெருப்பகுதிகளின் பெயர்களில் அந்தப் படைக்குடியிருப்பின் அமைப்பு தங்கியிருக்கிறது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் வழக்கம் பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. உடல் முழுதும் வெள்ளையான ராஜபாளையம் நாய், வேட்டைக்கும் காவலுக்கும் இங்கே வளர்த்துப் பேணப்பட்ட இனம். இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகளில் அதுவும் இடம்பெற்றது.

ஸ்ரீவில்லிபுத்தூர் நாயக்கர் காலத்தில் அரசமதிப்புப் பெற்றது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் இங்கே ஓர் அரண்மனை கட்டினார். கோயில் திருப்பணிகளும் செய்தார். ஆண்டாளுக்கு அமுது படைத்த செய்தியை மணி ஒலியால் மதுரைவரை அறிவிக்க வழிநெடுக மண்டபங்கள் கட்டப்பட்டன என்றும், அதைக் கேட்ட பிறகே மன்னர் உணவு கொண்டார் என்றும் மக்கள் சொல்வார்கள். 11 நிலைகளுடன் 192 அடி உயரம் எழும் வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம் தமிழ்நாடு அரசு முத்திரைக்கு மாதிரியாக அமைந்தது எனப் பரவலாகக் கருதப்படுகிறது. ஆடிப்பூரத் தேரோட்டம் சுற்றுப்பட்ட கிராமங்கள் அனைத்தையும் ஒரே தேர்வடத்தில் கூட்டும் திருவிழா. தேர் வீதிகள், நந்தவனங்கள், அக்கிரகாரம், கைத்தொழிலாளர் தெருக்கள் என ஊரின் உருவமே கோயிலை மையமாகக் கொண்டு வளர்ந்தது. ராஜபாளையம் அப்படி ஒற்றை மையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் அல்ல. தனித்தனிக் குடியிருப்புகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் உருவான நகரம் அது.

கும்பினி ஆட்சியும் ஜமீன்களும்

1750களிலும் 1760களிலும் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலக் கும்பினியும் வரி கேட்டுப் படை அனுப்பியபோது, நெல்கட்டும்செவல் பூலித்தேவரின் தலைமையில் மேற்குப் பாளையங்கள் எதிர்த்து நின்றன. கும்பினிப் படைத்தளபதி யூசுப் கான் நடத்திய படையெடுப்புகளில் கொல்லங்கொண்டான் கோட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூரும் போர்க்களமாயின. அடர்ந்த காடும் மண்கோட்டையும் பாளையக்காரர்களுக்குக் காப்பாக இருந்ததால், கோட்டைகளை இடிப்பதோடு காட்டை வெட்டுவதையும் கும்பினிப் படை போர்முறையாகக் கொண்டது. 1801இல் பாளையக்காரர் போர் முடிந்து நாடு கும்பினியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. 1803இல் எஞ்சிய பாளையங்கள் ஜமீன்களாக்கப்பட்டன. வாளேந்தியவர்கள் நிலவரி செலுத்துவோர் ஆனார்கள். ஜமீன் கொல்லங்கொண்டான் என்று இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர் அந்த மாற்றத்தின் மிச்சம். 1948இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம் அந்த அமைப்பை முடித்துவைத்தது.

நிர்வாகத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்க்கப்பட்டது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இயங்குகிறது.

பருத்தி, ரயில், ஆலை

கரிசலின் பருத்தி 19ஆம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தை உலகச் சந்தையோடு இணைத்தது. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்காமல் போனபோது, திருநெல்வேலிப் பருத்திக்குக் கிராக்கி ஏறியது. 1870களின் நடுவில் மதுரையிலிருந்து விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதும், அந்த ஊர்கள் வணிக நகரங்களாகப் பெருத்தன. அடிவார ஊர்கள் இன்னும் அரை நூற்றாண்டு மாட்டுவண்டியையே நம்பியிருந்தன. 1927இல் விருதுநகர்-தென்காசி ரயில்பாதை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக அமைந்த பிறகு நிலைமை மாறியது. கரிசல் பருத்தியும் கேரளச் சந்தையும் துறைமுகமும் ஒரே பாதையில் இணைந்தன.

அதே 1927இல் காந்தியடிகள் ராஜபாளையம் வந்தார். கதர் இயக்கம் அப்போது இங்கே வேரூன்றியிருந்தது. அந்தத் தலைமுறையில் வளர்ந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும், பின்னர் ஒடிசா ஆளுநராகவும் இருந்தார். தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து மருத்துவப் பஞ்சு ஆலையும், 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனமும் வந்தன. நூற்பாலைகளைச் சுற்றித் துணைத்தொழில்கள் கிளைத்தன. சத்திரப்பட்டி, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்றது. தளவாய்புரம் நைட்டி தைப்பதில் முன்னணிக்கு வந்தது. 1941இல் நகராட்சியான ராஜபாளையத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 1,30,442. அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,396. கோயிலும் நீதிமன்றமும் ஓர் ஊரையும், ஆலை மற்றோர் ஊரையும் வளர்த்ததன் விளைவு இது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தொழில் அடையாளம் பால்கோவா. இருபதாம் நூற்றாண்டில் வடநாட்டுக் குடும்பங்கள் கொண்டுவந்த இனிப்புத் தயாரிப்பு, அடிவார மேய்ச்சல் நிலங்களின் பாலோடு சேர்ந்து நிலைத்தது. அகன்ற இரும்பு வாணலியில், விறகு அடுப்பில், பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்துத் துடுப்பால் விடாமல் கிளறிச் சுண்டவைப்பதே அதன் செய்முறை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராஜபாளையம் அடிவாரத் தோப்புகளின் சப்பட்டை, பஞ்சவர்ணம் மாம்பழங்களும் மலையை ஒட்டிய செம்மண் பட்டையின் விளைச்சலே.

காடும் தண்ணீரும் இன்று

அடிவாரத் தோப்புகள் மனிதருக்கு மட்டும் பயன்பட்டவை அல்ல. ஓடைக்கரையின் புளி, மா மரங்களில் வாழும் சாம்பல் நிற அணில், தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் உயிரினம். அதைக் காப்பதற்காக 1988இல் சுமார் 485 சதுர கி.மீ. பரப்பில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலைக் காடுகளையும் சேர்த்து, 1,016 சதுர கி.மீ. பரப்பில், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அது இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம். மேய்ச்சல், விறகு, மலைக்கோயில் யாத்திரை, பளியர்களின் வன உரிமை ஆகியவை இப்போது காப்பக விதிகளோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பளியர்களுக்கு அளித்த உரிமைகள் முழுமையாக நடைமுறைக்கு வருவது இந்தக் காட்டின் பாதுகாப்புக்கும் நல்லதே; காட்டை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

தண்ணீரைப் பெருக்க 20ஆம் நூற்றாண்டில் புதிய அணைகள் வந்தன. வத்திராயிருப்புக்கு மேற்கே பிளவக்கல்லில், உள்ளூர் ஓடைகளான பெரியாறு, கோவிலாறு ஆகியவற்றின் அணைகள் 1970களில் கட்டப்பட்டன. ராஜபாளையம் பக்கம் சாஸ்தா கோயில் அணை வந்தது. இவை சேமிப்பதும் பழைய கண்மாய்களுக்குப் பிரித்தனுப்பப்படும் அதே மலைநீரையே. பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் நீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் இணைப்புத் திட்டத்தைத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை வகுத்தது. கேரளத்தின் எதிர்ப்பால் அது தாளிலேயே நிற்கிறது. வளர்ந்த நகரங்களின் குடிநீருக்குத் தாமிரபரணியை நாட வேண்டிய நிலை வந்துவிட்டது.

மல்லிநாட்டுக் காட்டைத் திருத்தியவர்களும், கண்மாய் வெட்டிய பாண்டியர் காலத்து ஊரவைகளும், வடக்கிலிருந்து வந்த படைக்குடிகளும், ஆலை முதலாளிகளும் இங்கே நிலைபெற்றதற்குக் காரணம் மலைச்சரிவில் இறங்கும் சிறிதளவு தண்ணீரே. கரைகள் மேடாகி, வரத்துக்கால்கள் வீட்டு மனைகளாகி, உள்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டு வரும் இந்த நாளில், பிற மாநில ஆற்றுக்காகக் காத்திருப்பதைவிடக் கைக்கெட்டும் வேலை அந்தக் கண்மாய்ச் சங்கிலியை மீண்டும் கோப்பதாகும். இந்த வட்டாரத்தின் ஆயிரம் ஆண்டு வரலாறு அதற்கான வரைபடத்தை ஏற்கெனவே நிலத்தில் எழுதி வைத்திருக்கிறது.